படைவீரர் பணியேடும் பிழைதிருத்தமும்

1. முன்னுரை

பழைய ஏடுகளைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். ஏடெழுதுவோன் செய்த பிழை அவனோடு முடிந்துவிடுவதில்லை. அவ்வேட்டைப் பார்த்து எழுதப்பெறும் ஒவ்வோர் ஏட்டிலும் அது மீண்டும் பிறக்கின்றது. பல ஏடுகளில் காணப்படுதலாலேயே அது மெய்யான பாடம்போலத் தோன்றவும் தொடங்குகின்றது. நூலில் நேரும் பிழையால் ஒரு சொல்லின் பொருள் கெடும். ஆனால், உயிரோடிருக்கும் ஒருவனைப் பற்றிய அரசாங்க ஏட்டில் பிழை நேரின், கெடுவது அவன் வாழ்வாகும். அவன் பெயர், ஊதியம், மருத்துவம், இறுதியில் அவனைப் புதைக்கும் இடம் ஆகிய யாவும் அவ்வேட்டின் ஒரு வரியைச் சார்ந்து நிற்றல் உண்டு. இந்நிலையைப் படைவீரர் பணியேட்டில் தெளிவாகக் காணலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படைவீரர் பணியேடுகளில் நேர்ந்த பிழைகளையும், அவற்றைத் திருத்துதற்கு அந்நாட்டார் வகுத்த முறையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாட்டை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஏட்டைத் திருத்தும் அதிகாரம் அங்கே சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, 1882 முதல் 2023 வரை நீளும் நிகழ்ச்சிகள் அங்கே தெளிவாகப் பதிவாகியுள்ளன. அவற்றை வரிசையாக வைத்து நோக்கின், 'பிழை' என்னும் சொல்லின் பொருள் எவ்வாறு விரிந்தது என்பது விளங்கும்.

2. பணியேட்டின் இயல்பு

ஒருவன் படையில் சேர்ந்த நாள், சேர்ந்திருந்த பிரிவுகள், சென்ற களங்கள், அடைந்த காயம், பெற்ற பதக்கம், ஏற்ற தண்டனை, விடுவிக்கப்பட்ட நாள், விடுவிப்பின் தன்மை ஆகியவற்றைத் தொகுத்துக் கூறுவது பணியேடு. இவற்றின் சுருக்கம் விடுவிப்பின்போது அவன் கையில் தரப்படும். 1950ஆம் ஆண்டு முதல் இச்சுருக்கம் 'டி.டி. 214' என்னும் எண்ணால் அறியப்படும் படிவத்தில் அமைகின்றது. படைவீரர் மருத்துவமனையில் இடம் பெறவும், கல்வி உதவி பெறவும், வீட்டுக்கடன் பெறவும், நாட்டின் படைவீரர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெறவும் காட்டவேண்டிய சான்று இதுவே. வேலை தருவோரும் இதனையே கேட்பர்.

இதில் மிகுந்த ஆற்றல் உடையது விடுவிப்பின் தன்மையைக் குறிக்கும் வரியாகும். மதிப்புடைய விடுவிப்பு என்று எழுதப்பட்டால் எல்லா உரிமைகளும் கிட்டும். அதனின் கீழ்ப்பட்ட நிலைகள் பல உள. படிப்படியாக இறங்கிப் படைநீதிமன்றத்தின் தண்டனையால் வரும் இழிவு நீக்கத்தில் அவை முடியும். 1916 முதல் 1947 வரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒருவகை விடுவிப்பும் இருந்தது. அது நீலத்தாளில் அச்சிடப்பட்டமையால் நீல விடுவிப்பு என வழங்கிற்று. மதிப்புடையது என்றோ இழிவுடையது என்றோ அதில் எழுதப்படவில்லை. எனினும், தாளின் நிறமே வேலை தருவோர்க்குப் போதிய செய்தியாயிற்று. ஏடு, தான் சொல்லும் சொல்லால் மட்டுமன்றிச் சொல்லாமல் விடும் சொல்லாலும் ஒருவனைக் கெடுத்தல் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

3. 1946ஆம் ஆண்டுச் சட்டம்

1946க்கு முன்னர், தன் ஏட்டில் பிழை உள்ளது என்று கருதிய வீரனுக்குத் திறந்திருந்த வழிகள் சிலவே. அவற்றுள் தலைமையானது பேராயத்தில் தனியாள் மசோதா ஒன்று கொண்டுவரச் செய்தலாகும். ஒருவனுடைய பெயரைச் சுட்டி, அவனுக்காகவே ஒரு சட்டம் இயற்றப்படுதல் வேண்டும். தன் தொகுதி உறுப்பினரை அணுகும் செல்வாக்கு உடையானுக்கே இவ்வழி பயன்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும். 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், விடுவிப்பை மறுஆய்வு செய்யும் குழுக்களை அமைத்தது. விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகளுக்குள் வீரன் அவற்றை அணுகலாம். ஆயினும், பொதுப் படைநீதிமன்றத்தின் தண்டனையால் நீக்கப்பட்டோர் அக்குழுக்களை அணுக இயலாது.

1946 ஆகஸ்டு 2ஆம் நாள் நிறைவேறிய பேராயச் சீரமைப்புச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. அச்சட்டம் படைவீரர்க்கு நீதி வழங்கும் நோக்கத்தோடு தனியே எழுந்ததன்று என்பது குறிப்பிடத்தக்கது. பேராயம் தன் வேலைமுறையைச் சீர்செய்துகொள்ள இயற்றிய சட்டம் அது. பாலம் கட்டுதல், ஓய்வூதியம் வழங்குதல் போன்றவற்றிற்கான தனியாள் மசோதாக்களோடு, படைப்பணி ஏட்டைத் திருத்தும் மசோதாக்களையும் அது தடைசெய்தது. தடைசெய்த வேலையை வேறு யாரேனும் செய்தாக வேண்டுமன்றோ? ஆகவே, போர்த்துறைச் செயலர், கடற்படைச் செயலர் முதலியோர், தத்தம் துறையைச் சார்ந்த, படையில் பணியாற்றாத அலுவலர்களைக் கொண்ட குழுக்களின் வாயிலாக ஏடுகளைத் திருத்தலாம் என்று அச்சட்டம் அதிகாரம் அளித்தது. வேலைச்சுமையைக் குறைக்க எழுந்த ஒரு பிரிவு, பின்னாளில் பலருடைய மானத்தை மீட்கும் கருவியாக அமைந்தது.

அப்பிரிவில் இரண்டு சொற்கள் உயிர்நாடியானவை. 'பிழையைத் திருத்துதற்கோ அநீதியை அகற்றுதற்கோ' தேவை என்று கருதப்படுமாயின் ஏட்டை மாற்றலாம் என்பது அதன் கருத்து. பிழை என்பதோடு நின்றிருந்தால், எழுத்தர் கைதவறிய இடங்களை மட்டுமே அச்சட்டம் தொட்டிருக்கும். அநீதி என்னும் சொல் உடன் நின்றமையால், கைதவறாமல், அறிந்தே, முறைப்படி எழுதப்பட்ட வரிகளும் திருத்தத்திற்கு உரியனவாயின. 1951ஆம் ஆண்டுத் திருத்தம், ஏடு மாற்றப்பட்டதன் விளைவாகச் சேரவேண்டிய பணத்தை வழங்கவும் வழிசெய்தது. பிழையை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது பொதுவிதி. நீதியின்பொருட்டு அக்காலவரையறையைத் தளர்த்தும் உரிமை குழுவுக்கு உண்டு. அவ்விலக்கு இல்லையாயின், கீழே கூறப்படும் நிகழ்ச்சிகளுள் குழுவின் ஆய்வுக்கு வந்தவை அங்கே நுழைந்திருக்கவே முடியாது.

4. கைப்பிழையும் தீயின் அழிவும்

முதல்வகைப் பிழை எளியது. பெயரின் எழுத்து மாறுதல், பிறந்தநாள் தவறுதல், பதக்கம் விடுபடுதல், பணிக்காலம் குறைத்து எழுதப்படுதல் ஆகியன இவ்வகையின. டி.டி. 214 படிவத்தில் உள்ள சிறு பிழையைத் திருத்த 'டி.டி. 215' என்னும் துணைப்படிவம் வழங்கப்படுகின்றது. பழைய படிவத்தின் எழுத்தை அழிக்காமல், எந்த வரி எவ்வாறு திருத்தப்படுகின்றது என்பதை இத்துணைப்படிவம் கூறும். பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் முறையோடு இஃது ஒத்திருத்தலை அறியலாம்.

இப்பிழையினும் கொடியது ஏடே இல்லாமற் போதல். 1973 சூலை 12ஆம் நாள் நள்ளிரவு கடந்து, மிசௌரி மாநிலத்தில் செயிண்ட் லூயிஸ் நகரையடுத்த பணியேட்டு நிலையத்தின் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. அங்கே தீயைத் தானாக அணைக்கும் நீர்த்தெளிப்பு அமைப்பு இல்லை. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையிலான பணியேடுகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 சனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 பங்கு அழிந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1947 செப்டம்பர் 25 முதல் 1964 சனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினருள், பெயரின் அகரவரிசையில் ஒரு குறிப்பிட்ட இடத்திற்குப் பிற்பட்டோர் ஏடுகளில் நூற்றுக்கு 75 பங்கு அழிந்தது. அவ்வேடுகளுக்குப் படியும் இல்லை, நுண்படமும் இல்லை, எவை இருந்தன என்று காட்டும் பட்டியலும் இல்லை.

எஞ்சிய ஏடுகளைக் காத்த முறை வியப்புக்குரியது. நீரில் நனைந்தும் ஓரம் கருகியும் கிடந்தவற்றை, விண்வெளிக் கருவிகளைச் சோதிக்க அமைத்த வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினர். ஏறத்தாழ 65 இலட்சம் ஏடுகள் இவ்வாறு மீட்கப்பெற்றன. முற்றும் அழிந்தவற்றிற்கு ஈடாகப் பிற சான்றுகள் தேடப்பட்டன. வீரன் இறுதியாக ஊதியம் பெற்ற சீட்டு, அவனது பிரிவின் நாள்தோறுமான வருகைக் குறிப்பு, மருத்துவமனைப் பதிவு, அவனே முன்பு உதவி வேண்டி அனுப்பிய விண்ணப்பம் ஆகியவற்றைக் கொண்டு பணியின் சுருக்கம் மீண்டும் அமைக்கப்படுகின்றது. சிதைந்த ஏட்டின் பகுதியைப் பிற நூல்களின் உரைமேற்கோளிலிருந்து மீட்கும் முயற்சிபோன்றதே இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே மீட்டெடுக்கப்படுவது ஒருவன் காயமுற்றான் என்னும் செய்தி. அது மீளாவிடில் மருத்துவ உதவி பெறும் அவனது உரிமையும் மீளாது போதல் கூடும்.

5. தீர்ப்பின் பிழை

இரண்டாம் வகைப் பிழையில் எழுத்தர் குற்றமற்றவர். அவர் எழுதியது கட்டளைப்படியே எழுதியது, கட்டளைதான் தவறானது. இதற்கு நான்கு நிகழ்ச்சிகள் சான்றாவன.

ஹென்றி ஓசியன் பிளிப்பர் அடிமையாகப் பிறந்து, 1877இல் வெஸ்ட்பாயிண்ட் படைக்கல்லூரியில் தேறிய முதற் கறுப்பின மாணவர். டெக்சாஸ் மாநிலத்து டேவிஸ் கோட்டையில் உணவுப்பொருள் கணக்கைப் பார்க்கும் பொறுப்பில் இருந்தபோது பணம் குறைந்தது. 1881இல் படைநீதிமன்றம் கூடியது. பணத்தைக் கையாடினார் என்னும் குற்றச்சாட்டினின்று அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால், குறைவை மறைத்தமையின், அலுவலர்க்கு ஒவ்வா நடத்தை என்று தீர்ப்பளிக்கப்பட்டது. தண்டனையைக் குறைக்குமாறு படையின் தலைமைச் சட்ட அலுவலரே பரிந்துரைத்தும், குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் அதனை உறுதிசெய்தார். 1882 சூன் 30ஆம் நாள் பிளிப்பர் பணிநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவர் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் சிறந்து விளங்கினார். 1898 முதல் அவர்பொருட்டுப் பேராயத்தில் பலமுறை மசோதாக்கள் கொண்டுவரப்பட்டும் ஒன்றும் நிறைவேறவில்லை. 1940இல் அவர் மறைந்தார். 1976இல் தரைப்படையின் ஏட்டுத் திருத்தக் குழு, தீர்ப்பை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும், எனினும் தண்டனை அளவுகடந்தது, நீதியற்றது என்றும் கூறியது. அதன் விளைவாக, அவர் 1882 சூன் 30இல் மதிப்புடன் விடுவிக்கப்பட்டதாக ஏடு மாற்றப்பட்டது. 1999இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்பும் வழங்கினார்.

1906 ஆகஸ்டு 13ஆம் நாள் இரவு, டெக்சாஸ் மாநிலத்துப் பிரௌன்ஸ்வில் நகரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஒருவர் இறந்தார், காவல் அலுவலர் ஒருவர் காயமுற்றார். அண்மையிலிருந்த 25ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்மேல் பழி விழுந்தது. அவர்கள் அன்றிரவு பாசறையில் இருந்தனர் என்று அவர்தம் வெள்ளை அலுவலர்கள் கூறியும் பயனில்லை. செய்தவர் யார் என்று எவரும் சொல்லவில்லை. ஆதலின் எல்லாரும் கூடி மறைக்கின்றனர் என்று முடிவுசெய்யப்பட்டது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை விசாரணையின்றி மதிப்பில்லா விடுவிப்புச் செய்தார். தெரியாத ஒன்றைச் சொல்லாமையே இங்கே குற்றமாயிற்று. 1972இல் தரைப்படைச் செயலர் அவ்விடுவிப்புகளை மதிப்புடையனவாக மாற்றினார். அப்போது உயிரோடிருப்பவராகக் கண்டறியப்பட்டவர் டார்சி வில்லிஸ் என்பவர். மின்னியாபொலிஸ் நகரில் ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் காலணி துடைக்கும் தொழில் செய்து வாழ்ந்தவர். 1974இல் அவருக்கு 25,000 டாலர் வழங்கப்பட்டது. 1977இல் அவர் காலமானார்.

1944 ஆகஸ்டில் சியாட்டில் நகரத்து லாட்டன் கோட்டையில் கறுப்பின வீரர்க்கும் இத்தாலியப் போர்க்கைதிகட்கும் இடையே கலவரம் மூண்டது. மறுநாள் குல்யெல்மோ ஒலிவோட்டோ என்னும் கைதி தூக்கில் தொங்கக் காணப்பட்டார். 43 கறுப்பின வீரர் ஒருசேர விசாரிக்கப்பட்டு, 28 பேர் தண்டனை பெற்றனர். அவர்கள் அனைவர்க்கும் வாதாட அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் இருவரே. அவர்கட்குக் கிடைத்த கால இடைவெளியும் சில நாட்களே. முதல் விசாரணையின் குறைகளை எடுத்துக்காட்டிய படைத்துறையின் மறைவான அறிக்கை ஒன்று வழக்குத் தொடுத்தவரிடம் இருந்தது. எதிர்த்தரப்பினர்க்கு அது காட்டப்படவில்லை. 2005இல் வெளிவந்த ஜாக் ஹாமன் என்பாரின் நூல் இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது. 2007இல் ஏட்டுத் திருத்தக் குழு அவ்விசாரணையை அடிப்படையிலேயே நேர்மையற்றது என்று கண்டது. தண்டிக்கப்பட்டவருள் ஒருவரான சாமுவேல் ஸ்னோவுக்கு, இழந்த ஊதியமாக முதலில் அனுப்பப்பட்ட தொகை 725 டாலர். வட்டி சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. பேராயம் பின்னர் அதற்கும் வழிசெய்தது. 2008 சூலையில் சியாட்டிலில் நடந்த விழாவிற்கு வந்த ஸ்னோ, மதிப்புடைய விடுவிப்புச் சான்று கிடைத்த சில மணி நேரத்திற்குள் உயிர்நீத்தார்.

நான்காவது, 1917 ஆகஸ்டில் ஹூஸ்டன் நகரில் 24ஆம் காலாட்படையினர் தொடர்பாக எழுந்த கலவரம். மூன்று படைநீதிமன்றங்கள் 110 பேரைக் குற்றவாளிகள் என்றன. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் 13 பேர் மேல்முறையீட்டிற்கு இடமின்றி, 1917 திசம்பர் 11ஆம் நாள் விடியலில் மறைவாகத் தூக்கிலிடப்பட்டனர். 2023 நவம்பரில் 110 தீர்ப்புகளும் நீக்கப்பட்டு, அவ்வீரர்களின் பணி மதிப்புடையது எனத் திருத்தப்பட்டது.

6. பெயர் பெறாத நோய்

மூன்றாம் வகைப் பிழை நுட்பமானது. வியத்நாம் போரிலிருந்து திரும்பியோருள் பலர் கட்டுப்பாட்டை மீறினர், சொல்லாமல் பிரிவை விட்டு நீங்கினர், குடிக்கு அடிமையாயினர் என்று ஏட்டில் எழுதப்பட்டு, மதிப்புக் குறைந்த விடுவிப்புப் பெற்றனர். எழுதப்பட்ட செயல்கள் நிகழ்ந்தவையே. ஆயின், அவற்றிற்குக் காரணமான மனநோய் அமெரிக்க மனநல மருத்துவர்தம் நோய்ப்பட்டியலில் தனிப்பெயர் பெற்றது 1980ஆம் ஆண்டில்தான். பெயரில்லாத நோயை எழுத்தர் எவ்வாறு எழுதுவார்? ஆகவே, நோயின் விளைவு மட்டும் குற்றமாக ஏட்டில் நின்றது, நோய் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் பாதுகாப்புத்துறைச் செயலர், இத்தகைய விண்ணப்பங்களைத் தாராளமாக நோக்குமாறு திருத்தக் குழுக்களுக்கு அறிவுறுத்தினார். இவ்வேடுகளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏடு மட்டும் முழு உண்மை அன்று. திருத்தம் என்பது பொய்யை நீக்குதல் மட்டுமன்று, விடுபட்டதைச் சேர்த்தலும் ஆகும் என்பது இதனால் பெறப்படும்.

7. சுமை யார்மேல்?

இம்முறையின் குறையையும் கூறுதல் நடுநிலையாளர் கடன். திருத்தக் குழு ஒரு கொள்கையோடு தன் ஆய்வைத் தொடங்குகின்றது: அரசாங்க ஏடு முறையாகவே எழுதப்பட்டது என்பதே அது. அஃது அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பிப்போனுடையது. அரசாங்கம் தன் ஏடுகளை நம்பாமல் இயங்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், சான்றுகள் அரசாங்கத்திடம் இருக்கின்றன. மெய்ப்பிக்க வேண்டியவனோ வெளியே நிற்கின்றான். லாட்டன் கோட்டை நிகழ்ச்சியில் வீரரைக் காத்திருக்கக்கூடிய அறிக்கையை அரசாங்கமே வைத்திருந்தது. செயிண்ட் லூயிஸ் தீயில் அழிந்தவையும் அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்தவையே.

காலத்தை எண்ணிப் பார்த்தலும் வேண்டும். பிளிப்பருக்கு 94 ஆண்டுகள், பிரௌன்ஸ்வில் வீரர்க்கு 66 ஆண்டுகள், லாட்டன் கோட்டையார்க்கு 63 ஆண்டுகள், ஹூஸ்டன் வீரர்க்கு 106 ஆண்டுகள் கழிந்தன. இவற்றுள் எதிலும் ஏடு தானாகவே தன் பிழையை உணர்த்திற்றில்லை. உறவினரோ, நூலாசிரியரோ, பேராய உறுப்பினரோ வெளியிலிருந்து தட்டிய பின்னரே கதவு திறந்தது. தட்டுவார் இல்லாத ஏடுகள் எத்தனையோ இன்னும் பேழைகளில் உறங்குதல் கூடும்.

8. முடிவுரை

பழைய ஏட்டைத் திருத்துதல் வரலாற்றை மாற்றுதலாகாதோ என்று ஐயுறுவார் உண்டு. நிகழ்ச்சி வேறு, அதனைப் பற்றிய பதிவு வேறு என்பதை உணரின் இவ்வையம் நீங்கும். பிளிப்பர் 1882இல் நீக்கப்பட்டார் என்பதை எந்தக் குழுவாலும் மாற்ற இயலாது. அவருடைய படைநீதிமன்ற நடவடிக்கைகள் அந்நாட்டின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. மாறியது, அவரைப் பற்றி அரசாங்கம் கொண்டிருந்த முடிவேயாகும். பழைய வரியும் திருத்திய வரியும் அருகருகே இருக்கும்போதுதான், ஓர் அரசு எங்கே தவறியது, எத்தனை ஆண்டு கழித்து அதனை ஒப்புக்கொண்டது என்பன வருங்காலத்தார்க்குத் தெரியவரும். ஆகவே, திருத்துவோர் பழையதை அழித்தலும் தகாது. பழையது என்பதனாலேயே அதனைப் போற்றித் திருத்தாது விடுத்தலும் தகாது.

வரலாற்று ஆராய்ச்சியாளர் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அரசாங்க முத்திரை பெற்றது என்பது ஒரு சான்றின் பிறப்பிடத்தைக் காட்டுமேயன்றி அதன் மெய்ம்மையைக் காட்டாது. எழுதியவர் யார், யாருடைய கட்டளையால் எழுதினார், எழுதப்பட்டவன் தன் பக்கத்தைக் கூற இடம் பெற்றானா என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் ஏட்டினிடமும் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களைப் பிரௌன்ஸ்வில் வீரர் உயிரோடிருந்த காலத்தே அதிகாரத்தில் இருந்தோர் கேட்டிருப்பின், 1972ஆம் ஆண்டின் ஆணையைத் தம் கையால் பெற்றுக்கொள்ள அவருள் இன்னும் பலர் இருந்திருப்பர்.